அண்ணனுக்கு மீதமிருந்த ஒரு மணி நேரம்

அன்று அறையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் வேதாசலம், பெட்டிக்குள். அவர் மகள் குமுதா, பெட்டியின் தலைமாட்டில். குமுதாவின் கணவன் சேட்டு, கதவோரம். டாக்டர் ஷமீம் பானு, நாற்காலியில். எங்கள் பங்காளி ஏகாம்பரம், கையில் பால் டம்ளரோடு. ஓய்வுபெற்ற ஹவில்தார் தணிகாசலமாகிய நான், நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவு பேர்தான். வேறு யாராவது தானும் அங்கே இருந்ததாகச் சொன்னால், அவர் தெருவில் இருந்திருப்பார். தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள்.

பெட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பனிமலைக் காவல் முகாம்களில் அடிபட்ட சிப்பாயைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விடும். அதற்காக ராணுவம் செய்தது இது. உடம்பைக் குளிரவைத்து, ரத்தத்தில் ஒரு மருந்தைக் கலந்து, உயிரை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கும். நான் ராணுவத்தில் குளிர்சாதன மெக்கானிக். அந்தப் பெட்டிகள் என் பொறுப்பில் இருந்தன. என் கையிலிருந்த பெட்டி எதிலும் ஒரு சிப்பாயும் கெட்டுப்போனதில்லை.

பிறகு அது ஊருக்குள் வந்தது. இன்னும் ஒரு மணி நேரம்தான் என்று டாக்டர் கைவிரித்த பெரியவரை இதில் படுக்கவைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்ததும் திறப்பார்கள். பெரியவர் கண் விழிப்பார், தமக்கு மீதியிருந்த அந்த ஒரு மணி நேரம் பேசுவார், போய்ச்சேருவார். பெட்டி யாரையும் பிழைக்கவைக்காது. மீதியை மீதியாகவே வைத்திருக்கும், அவ்வளவுதான்.

நல்ல ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிள்ளைகள் வரவில்லை. முன்பெல்லாம் தந்தி வந்தால் அழுதுகொண்டு ஓடிவந்தவர்கள், இப்போது ‘பெட்டியிலதானே இருக்காரு, லீவு கிடைக்கட்டும்’ என்றார்கள். ஊர்க் கூடத்தில் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அந்த வீடுகளில் தீட்டும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. பொங்கல் வைக்கலாமா என்று கேட்டால் புரோகிதர் ஒன்று சொல்கிறார், ஜோசியர் ஒன்று சொல்கிறார். பெட்டியில் புருஷன் இருக்கும் பெண், பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. எனக்கு இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

முன்னாள் ராணுவத்தினருக்கு ஆளுக்கு ஒரு பெட்டி ஒதுக்கீடு உண்டு, அவரவர் உபயோகத்துக்கு. எனக்கு வந்ததை அண்ணனுக்குக் கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெட்டி யாருடையது என்று ஊரில் சிலருக்குச் சந்தேகம் இருப்பதால் சொல்கிறேன்.

அண்ணனும் மெக்கானிக்தான். நான் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் குடியாத்தத்தில் எங்கள் ஏசி, ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கடையை நடத்தியவர் அவர். இதயம் நின்று நின்று ஓடிய கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பரந்தாமன் வந்ததும் எழுப்புடா” என்றார். “சரிண்ணா” என்றேன். கடையின் பின்னறையிலேயே பெட்டியை வைத்தோம். நான் ஒரு வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

பரந்தாமன் அவருடைய மகன். நிலவில் வேலை. சுரங்கம் தோண்டுகிற இடத்தில் ஏசி மெக்கானிக் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அங்கே காற்று இல்லை, சூட்டை வெளியே தள்ளுவது லேசான காரியமல்ல. ஆகவே எங்கள் தொழிலுக்கு இங்கே இருப்பதைவிட அங்கே மதிப்பு அதிகம். அப்பனுக்குப் பெட்டி என்றதும் வருகிறேன் என்றான். முதல் வருஷம், மாற்றாள் வரவில்லை என்றான். அடுத்த வருஷம், கப்பலில் இடமில்லை என்றான். அப்புறம், எலும்பு மெலிந்துவிட்டது, தேற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டுமாம் என்றான். இப்படியே வருஷங்கள் போயின. நிலவோடு பேசும்போது நாம் கேட்டது போய்ச்சேர்ந்து பதில் வருவதற்குள் ஒரு மூச்சு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் தூரம் எவ்வளவு, தயக்கம் எவ்வளவு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கடையைக் குமுதா நடத்தினாள். ஊர்க் கூடத்துப் பெட்டிகளுக்கும் அவள்தான் மெக்கானிக். காலையில் கடை திறந்ததும் முதலில் அப்பன் பெட்டியைத் துடைப்பாள், பிறகுதான் ஷட்டரை முழுக்கத் தூக்குவாள். “திறந்துடலாம் சித்தப்பா” என்று அவ்வப்போது கேட்பாள். “உன் நைனா கேட்டது பரந்தாமனை” என்பேன். அதற்குமேல் அவளும் பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

“கம்ப்ரஸர் போகுது சித்தப்பா. சத்தம் கேக்குதா?”

எனக்குச் சத்தம் சரியாகப் பிடிபடுவதில்லை. வருஷக்கணக்கில் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்ற காது. பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தேன். கடகடவென்று அதிர்ந்தது.

“வேற மாத்து.”

“போன வருஷம் மாத்தினதே பழைய சாமான்தான். இந்த மாடலுக்கு இப்ப கம்ப்ரஸர் வர்றதே இல்ல. இது ஓடற ஓட்டத்துக்கு எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது. நின்னுட்டா, நைனா அப்படியே போயிடுவாரு. முழிக்காமலே.”

“அந்த ஒரு மணி நேரம்?”

“அதுவும் போச்சு.”

பரந்தாமனைக் கூப்பிடச் சொன்னேன். விஷயம் எப்படித்தான் தெருவுக்குப் போகிறதோ, போன் போடுவதற்குள் ஏகாம்பரம் வந்து உட்கார்ந்துவிட்டான். பங்காளி, வராதே என்று சொல்ல முடியாது.

“பிள்ளை இல்லாம எப்படிண்ணா திறக்கறது?” என்றான். “கொள்ளி போடறவன் வேணுமே. மகன் வந்து பால் ஊத்தாம ஒரு மனுஷன் உயிரு எப்படிப் போகும்?”

சேட்டு சிரித்தான். “மாமா, ஆவணியில அவரு பேரனுக்குக் கல்யாணம். இப்ப திறந்தா பங்காளித் தீட்டு. பத்திரிகை அடிச்சாச்சு. அதான் மகன் பாசம் பொங்குது.”

“நீ சும்மா இருடா. மாப்பிள்ளைனு பாக்கறேன்.”

“பாருங்க, பாருங்க. கல்யாணத்துக்கு ஏசி நான்தான் போடறேன்.”

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள் குமுதா. நான் நிலைமையைச் சொன்னேன். கம்ப்ரஸர் எப்போது வேண்டுமானாலும் நிற்கும், இனியும் தள்ளிப்போட முடியாது என்றேன்.

“அடுத்த கப்பல்ல வந்துடறேன் சித்தப்பா. ஆவணி ஆயிடும்,” என்றான் பரந்தாமன்.

ஏகாம்பரம் முகம் மலர்ந்தது. “ஆமா தம்பி, ஆவணிக்கு அப்புறமே...”

“சரி சித்தப்பா, அப்படியே பண்ணிடலாம்” என்று ஏகாம்பரத்தின் வார்த்தை முடிவதற்குள் பரந்தாமன் சொன்னான்.

நான் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்தேன். நல்ல காதில் வைத்துக்கொண்டேன்.

“எங்கடா இருக்கே?”

“இங்கதான் சித்தப்பா, நிலவுல...”

“நான் வாய மூடறதுக்குள்ள பதில் வருதே. நிலவு எப்ப இவ்வளவு கிட்ட வந்துச்சு?”

இப்போது இடைவெளி விழுந்தது. அது தூரத்தின் இடைவெளி அல்ல.

“பெங்களூர்ல இருக்கேன் சித்தப்பா.”

காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

“எப்ப வந்தே?”

“பொங்கலுக்கு முன்னாடியே. ரெண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். ஏற முடியல.”

“ஏன், எலும்பு தேறலையா?”

“திட்டாதீங்க சித்தப்பா. நான் வர்ற அன்னிக்குத்தானே நைனா சாவாரு? வேற யாரு வந்தாலும் அவருக்கு ஒண்ணும் ஆவாது. நான் வந்தாதான் சாவாரு. நான் வராத வரைக்கும் எனக்கு நைனா இருக்காரு.”

“உனக்கு இருக்காரு. தினம் பெட்டியத் துடைக்கிறாளே, அவளுக்கு?”

கடைக்குள்ளே திரும்பிப் பார்த்தேன்.

“நாளைக்குத் திறக்கறோம்,” என்றேன். “வர்றதும் வராததும் உன் இஷ்டம்.”

“நைனாவுக்கு வாக்குக் குடுத்தீங்களே சித்தப்பா. நான் வந்ததும்தான் எழுப்பறதுன்னு.”

“வர முடியாத பிள்ளைக்காகக் குடுத்த வாக்குடா அது. வரமாட்டேன்ற பிள்ளைக்காகக் குடுக்கல.”

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். அவன் பெங்களூரில் இருப்பதை அறையில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேனே என்றால், எழுதப்போகிறேன் என்று அவனிடமே சொல்லிவிட்டேன். மறைத்தால்தான் குடும்ப மானம் நிற்கும் என்று ஏகாம்பரம் புத்தி சொல்கிறான். மறைத்து நிற்கவைக்கிற மானம் எங்கள் வீட்டில் கிடையாது.

“இன்னாண்ணா சொல்றான்?” என்றான் ஏகாம்பரம்.

“நாளைக்குத் திறக்கறோம்.”

“கல்யாணம்ணா!”

“தள்ளி வை. எல்லாத்தையும் தள்ளி வைக்கிற ஊர்தானே இது.”

மறுநாள் டாக்டர் ஷமீம் பானு வந்தார். டாக்டர் இல்லாமல் பெட்டியைத் திறப்பது சட்டப்படி குற்றம். ஏகாம்பரம் அவரையும் விடவில்லை.

“டாக்டரம்மா, ஒருதரம் திறந்து, நல்லபடியா பேசிட்டு, மறுபடி மூடிடக் கூடாதா? ஆவணி வரைக்கும்?”

“அது ஃப்ரிட்ஜ் கதவு இல்லீங்க. ஒருதரம்தான். உள்ளே இருக்கிற மருந்து சூட்டில் கரைஞ்சு போயிடும். அப்புறம் அவருக்கு இருக்கிறது அவருக்கு இருந்ததுதான்.”

“ஒரு மணி நேரமா?”

“கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். அவரைப் பேசவிடுங்க. நீங்க பேசிடாதீங்க.”

நல்ல புத்திமதி. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

குளிரவைக்கிற அதே கம்ப்ரஸர்தான் சூடேற்றவும் செய்யும். திசையைத் திருப்பிவிட்டால் போதும். குமுதா திருப்பிவிட்டாள். பெட்டி அதிர்ந்துகொண்டே சூடேறியது. மூடியின் கண்ணாடியில் வேர்த்து வழிந்தது. டாக்டர் தலையசைத்ததும் மூடியைத் தூக்கினோம். அண்ணன் போட்டிருந்த அதே சட்டை, அதே தாடி. நான் அவருக்குத் தம்பி. இப்போது பார்த்தால் அவருக்கு அண்ணன் மாதிரி இருந்தேன்.

கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

“வந்துட்டானா?”

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். குமுதாதான் சொன்னாள். “இல்ல நைனா. நான் இருக்கேன்.”

அவளைப் பார்த்தார். “சரி” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். எழுப்பியது ஏன் என்று கேட்பார் என்று நிமிர்ந்து நின்றேன். சொல்லவேண்டியதை ஒரு வாக்கியத்தில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

அதற்குள் ஏகாம்பரம் டம்ளரோடு முன்னால் வந்துவிட்டான். “மகன் இல்லாத இடத்துல பங்காளிதான் முதல் பால் ஊத்தணும். நவுருங்க.”

“தம்பி உயிரோட இருக்கும்போது பங்காளி எங்கிருந்து வந்தான்?” என்றேன். முறைப்படி முதல் பால் என்னுடையது. அன்றும் சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்வேன்.

“நீங்க பட்டாளத்துல இருந்தவரு, ஊர் முறை உங்களுக்கு இன்னா தெரியும்?”

“உன் கல்யாணத்துக்கு முறை சொல்லிக் குடுத்ததே நான்தான்.”

“அதான் அந்தக் கல்யாணம் அப்படி ஆச்சு!”

“ஐயா,” என்றார் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, “அவருக்கு நேரம் ஓடுது.”

“யாரு, ஏகாம்பரமா?” என்றார் அண்ணன் பெட்டிக்குள்ளிருந்து. “இன்னும் நீ இருக்கியா?” பிறகு, “எனக்குப் பால் பிடிக்காதுன்னு இந்த வீட்ல ஒருத்தனுக்கும் தெரியாதா? டீ சொல்லுங்க.”

சேட்டு டாக்டரைப் பார்த்தான். டாக்டர் கையை விரித்தார். சேட்டு ஓடினான்.

அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். “இன்னாடி குமுதா சத்தம் அது?”

“கம்ப்ரஸர் நைனா.”

“நான் படுக்கும்போது இருந்தது இந்தச் சத்தம் போடாதே.”

“அது போயிடுச்சு. நான் வேற போட்டேன்.”

“எதுலேர்ந்து எடுத்தே?”

“ஐஸ் வண்டியிலேர்ந்து.”

“கோன் ஐஸா?”

“குச்சி ஐஸ்.”

“அப்ப பரவால்ல. அது நல்ல சாமான்.” சிரித்தார். “குச்சி ஐஸ் மாதிரி வெச்சிருந்திருக்கே என்னை.”

அதன்பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது? மகளுக்கு ஆசீர்வாதம், சொத்து, பேரப்பிள்ளை என்று ஒரு பேச்சும் இல்லை. எவ்வளவு கேஸ் போட்டாய் என்றார். எடை பார்த்துத்தான் போட்டேன் என்றாள். பொய் சொல்லாதே, அதிகம் போட்டிருக்கிறாய் என்றார். ஒரு கிராம்கூட அதிகமில்லை என்றாள். குழாயில் கை வைத்துப் பார்க்க வேண்டும், என்னைத் தூக்கு என்றார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் பக்கத் தகட்டைக் கழற்றி, அவர் கையைப் பிடித்து, கேஸ் திரும்பி வருகிற குழாயில் வைத்தாள்.

“வேர்க்குதா?” என்றாள்.

“வேர்க்குது.”

“அப்ப?”

“சரி, சரி. கேஸ் சரியாத்தான் இருக்குது. அதுக்காக அப்பன்கிட்ட எதிர்த்துப் பேசறதா?”

“நீங்க தப்பா சொன்னா நான் இன்னா பண்றது?”

இப்படியே போனது. டம்ளரில் பால் ஆறிப் போய் ஏடு படர்ந்தது. ஏகாம்பரம் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். இத்தனை வருஷம் காத்துவைத்த நேரத்தை இவர்கள் கடை வேலையில் கரைக்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. நடுவில் புகுந்து, “அண்ணா, வேற ஏதாவது சொல்லணுமா?” என்றேன்.

“இருடா, வேலையா இருக்கேன்ல?” என்றார்.

டீ வந்தது. இரண்டு வாய் குடித்தார். சர்க்கரை போதாது என்றார். கையைக் கம்ப்ரஸரின் மேலேயே வைத்திருந்தார். விரல்கள் மெதுவாகக் கீழே இறங்கின.

“இது கம்ப்ரஸர் சத்தமே இல்லடி. கம்ப்ரஸர் இன்னும் பத்து வருஷம் ஓடும். இதைத் தாங்கற கால் போல்ட்டு லூஸு.”

“தெரியும் நைனா” என்றாள் குமுதா.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் பார்வையை எடுக்கவில்லை. பிறகு அவர் பார்வை என் பக்கம் வந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த பிரஷர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு இருமலாக வந்தது அவருக்கு. “அதான் சொல்றேன். இவ்வளவு சத்தம் போட்டாத்தானே உங்க சித்தப்பன் அசைவான்.”

எனக்கு எந்த மரியாதையும் இல்லை அந்த அறையில். கோபத்தில் வெளியே போயிருப்பேன். ஆனால் என் தோளில்தான் அண்ணன் சாய்ந்திருந்தார், ஆகவே நகரவில்லை. அவர் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. இடது கை குமுதாவின் கைக்குள் இருந்தது. வலது கை பெட்டிக்குக் கீழே எதையோ துழாவிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு பேச்சுப் பேசினார். பிறகு துழாவுவது நின்றது. டாக்டர் எழுந்து வந்து நாடி பார்த்தார். யாரும் சொல்லாமலே சேட்டு கம்ப்ரஸரின் சுவிட்சை அணைத்தான். அறை அமைதியானது. அவள் அதற்கு அப்புறம்தான் அழுதாள்.

பரந்தாமன் சுடுகாட்டுக்கு வந்தான். நிலவில் இருந்து வந்தவன் நடக்கிற மாதிரி, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தான். அவனை நான் தடுக்கவில்லை. கொள்ளி அவனுடைய உரிமை, வைத்தான். ஏகாம்பரம் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு காதில் ஏதோ சொன்னான். அதைக் கேட்டு அவன் கதறிய கதறலில் வெட்டியானே ஒரு நிமிஷம் வேலையை நிறுத்தினான். ஏகாம்பரத்தின் பேரன் கல்யாணம் தை மாதத்துக்குப் போயிருக்கிறது.

ஏகாம்பரம் அவன் காதில் சொன்னது இப்போது ஊர்ப் பேச்சாகிவிட்டது. என் அண்ணன் கடைசிவரைக்கும் ‘பரந்தாமா, பரந்தாமா’ என்று மகனைக் கூப்பிட்டபடியே உயிரை விட்டார் என்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள், கருமாதிப் பந்தியில் சொன்னார்கள். பரந்தாமன் நம்புகிறான். அது உண்மையல்ல. மகனைப் பற்றி ஒருமுறை கேட்டார், இல்லை என்றதும் சரி என்றார், மறுபடி கேட்கவில்லை. அவர் கடைசியாகக் கூப்பிட்ட பெயர் குமுதா. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள்.